இழுவலைக்குக் கட்டிய நாலு கயிறு

போன மாதம் ஓர் இளம் அதிகாரி என் வீட்டுக்கு வந்தார். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அதே மீன் துறையில் இப்போது இருப்பவர். புதிதாக வந்திருக்கும் நைலான் வலையைக் கையோடு கொண்டுவந்து என் முன்னால் விரித்துக் காட்டினார். வலை வழுவழுவென்று அழகாகத்தான் இருந்தது. "குட்டி மீனு தப்பிச்சுப் போற மாதிரி வலை போடோணும்னு இப்பத்தானுங்கய்யா யோசனையே வந்திருக்குது. உங்க காலத்துல இதையெல்லாம் யாருங்க யோசிச்சாங்க?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. காப்பி கொடுத்து மரியாதையாக அனுப்பிவிட்டேன். ஆனால் மனம் ஆறவில்லை. எங்கள் காலத்திலும் யோசித்தவர்கள் இருந்தார்கள். அவர்களால்தான் நான் ஆளானேன். அதை எழுதிவைக்காமல் போனால் நன்றி கெட்டவன் ஆகிவிடுவேன்.

எனக்குக் காங்கேயம் பக்கம். மாடும் சோளமும் தெரிந்த அளவுக்கு மீன் தெரியாது. எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் தெரிகிற தண்ணீர்தான். வீட்டில் கோழி உண்டு, ஆடு உண்டு, மீன் மட்டும் வாசலேறியதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் பைக்காரா அணையிலிருந்து கரண்டு வந்து கோயமுத்தூரில் திரும்பிய பக்கமெல்லாம் மில் எழும்பியபோது, பள்ளிக்கூடம் முடித்த எங்கள் ஊர்ப் பையன்கள் எல்லாரும் மில்லுக்குப் போனார்கள். எனக்கு மட்டும் மீன் ஆபீசில் வேலை கிடைத்தது. "மாட்டாஸ்பத்திரின்னாக்கூட வெளிய சொல்லிக்கலாம். மீனாபீசுன்னு யாருகிட்டயும் சொல்லிப்போடாத சாமி" என்றாள் அம்மா.

பயிற்சிக்கு என்று சில மாதம் கடற்கரைக்கு அனுப்பினார்கள். மீன்களின் பெயர்களை மனப்பாடம் செய்தேன். வலை முடிச்சுப் போடக் கற்றேன். நீந்த மட்டும் வரவில்லை. அந்தக் காலத்தைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் அதற்குப் பிறகு, கோயமுத்தூர் ஆபீசில் தேவசகாயம் சாரிடம் வந்து சேர்ந்த பிறகுதான்.

அவர் தூத்துக்குடிக்காரர். நெட்டை உருவம், வெள்ளை வேட்டி, தடித்த கண்ணாடி. பியூனைக்கூட "நீரு" என்றுதான் பேசுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பேச வேண்டாம் என்று தோன்றினால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். கோபமும் அதுதான், சந்தோஷமும் அதுதான், எது என்று நாம்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். ஆபீசில் உட்கார்ந்துகொண்டு குளத்தைப் பற்றிப் பேசுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு முதலில் தண்ணீர் ஓரத்துக்குப் போவார். பேச்செல்லாம் அதற்கப்புறம்.

எங்கள் பெரிய தலைவலி கோயமுத்தூர் உக்கடத்துக் குளம். வடக்கேயுள்ள ஆற்றிலிருந்து ரயிலில் தகரப் பீப்பாய்களில் பெருங்கெண்டைக் குஞ்சுகளைக் கொண்டுவந்து அதில் விட்டிருந்தோம். விரல் நீளக் குஞ்சு. ஒரு வருஷம் விட்டால் கை கொள்ளாத மீனாகும். குளத்தின் மீன் குத்தகையை எடுத்திருந்தவர் காதர் ராவுத்தர். கோட்டைமேட்டில் வீடு, மார்க்கெட்டில் மீன் வியாபாரம். வலையின் கண் இத்தனை அகலத்துக்குக் குறையக் கூடாது, குஞ்சுகளைப் பிடிக்கக் கூடாது என்பது குத்தகை நிபந்தனை. ஆனால் ஒவ்வொரு முறை இழுவலையைக் கரையேற்றும்போதும் பெரிய மீன்களோடு குஞ்சுகளும் குவியல் குவியலாக வந்து செத்தன.

இழுவலையை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்கு இரண்டு பக்கமும் நீண்ட இரண்டு கை, நடுவில் பை போல ஒரு மடி. பரிசலில் கொண்டுபோய்க் குளத்துக்குள் வளைத்துப் போடுவார்கள். இரண்டு கைகளின் கயிற்றையும் கரையிலிருந்து ஆட்கள் இழுப்பார்கள். மீனெல்லாம் ஒதுங்கி ஒதுங்கிக் கடைசியில் மடிக்குள் வந்து சேரும். உக்கடத்தில் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது. கிழக்குக் கைக்காரர்களும் மேற்குக் கைக்காரர்களும் போட்டி போட்டு இழுப்பார்கள். எந்தக் கை முதலில் கரையேறுகிறதோ அந்தப் பக்கத்துக்காரர்களுக்குக் குவியலில் இருந்து முதல் விரால். இன்னொரு வழக்கமும் உண்டு. பெரிய மீன் ராவுத்தருக்கு, வலையில் வரும் பொடி மீன் அத்தனையும் இழுத்தவர்களின் வீட்டுப் பெண்களுக்கு. அவர்கள் கூடையோடு கரையில் காத்திருப்பார்கள்.

இந்த இரண்டாவது வழக்கம்தான் வினையாக வந்தது. பொடி மீனுக்கு ஆசைப்பட்டு ராவுத்தரும் ஆட்களும் சேர்ந்து திருட்டுத்தனமாகக் கண் சிறுத்த வேறு வலை போடுகிறார்கள் என்று யாரோ மேலே எழுதிவிட்டார்கள். மேலதிகாரியாக இருந்த வெள்ளைக்காரத் துரை கொதித்துப்போனார். மாசக் கடைசியில் தானே நேரில் வந்து வலை இழுப்பதைப் பார்ப்பேன், அன்றும் குஞ்சு வந்தால் குத்தகை ரத்து, இனி அந்தக் குளத்தில் இழுவலையே இறங்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. ராவுத்தருக்கு மார்க்கெட்டில் வேறு வழி இருந்தாலும் இருந்திருக்கும். வலை இழுக்கும் குடும்பங்களுக்கு அந்தக் குளத்தை விட்டால் அடுப்பு எரியாது.

தேவசகாயம் சார் வலையை அளக்கிற முறையைச் சொல்ல வேண்டும். காய்ந்த வலையை அளக்க விடமாட்டார். பருத்தி நூல் வலை. நூல் இற்றுப்போகாமல் இருக்க ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறவைத்துத் துவரேற்றியது. நனைந்தால் சுருங்கும், காய்ந்தால் நீளும். ஆகவே முதலில் குளத்தில் முக்கி நன்றாக ஊறவிட வேண்டும். பிறகு புல்தரையில் பிசகில்லாமல் விரிக்க வேண்டும். ஆப்பு மாதிரி செதுக்கிய அளவுக்கட்டை ஒன்று வைத்திருந்தார். அதைக் கண்ணுக்குள் நுழைத்து, "அமுக்காதேயும், அதுவா எவ்வளவு போகுதோ அவ்வளவுதான்" என்பார். கையில் ஓரிடம், மடியின் வாயில் ஓரிடம், மடி முடிகிற வாலில் ஓரிடம் என்று பார்த்தோம். ராவுத்தரின் வலை எல்லா இடத்திலும் நிபந்தனைக்குச் சரியாக இருந்தது.

"பாத்தீங்களாங்க? நான் ஏமாத்துறவனாங்க?" என்றார் ராவுத்தர்.

"நீங்க ஏமாத்தலன்னு நான் நம்புதேன். ஆனா நான் நம்பினா பத்தாது. வலையை எங்க ஆபீஸ்ல வச்சுப் பூட்டிக்கிடுதேன். அடுத்த இழுப்புக்கு நானே கொண்டு வாரேன்" என்றார் சார்.

அந்த வாரம் நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஈர வலையின் நாற்றம் ஆபீஸ் முழுக்க. ஊர்ப் பூனைகள் எல்லாம் வாசலில் மனுக் கொடுக்க வந்தவர்கள் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தன. இழுக்கிற நாளன்று பூட்டைத் திறந்து நாங்களே வலையைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். மடியைப் பிரித்தால் அன்றும் குஞ்சு. ராவுத்தரின் முகம் செத்துப்போனது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வலையில் திருட்டு இல்லை, வலையின் கண்ணும் சரி. அப்புறம் எப்படிக் குஞ்சு சிக்குகிறது?

"பழனிச்சாமி, அடுத்த இழுப்புல நீரு தண்ணிக்குள்ள இறங்கி மடியில கை வச்சுப் பாரும்" என்றார் என்னிடம்.

"சார், எனக்கு நீச்சல் தெரியாதுங்க."

"தெரியும். அதான் இடுப்புல கயிறு கட்டி நான் பிடிச்சுக்கிடுதேனே."

அரசாங்க அதிகாரி ஒருவர் தன் கீழே வேலை செய்கிறவனை மாட்டைப் பிடிப்பது போலக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நின்றதை அன்று உக்கடமே வேடிக்கை பார்த்தது. மார்பளவுத் தண்ணீரில் மெல்லக் காலை ஊன்றி நின்றேன். மடி பக்கத்தில் வந்ததும் கையை வைத்தேன். மெதுவாக வந்தவரைக்கும் கண்களுக்குள் என் இரண்டு விரல் தாராளமாகப் போனது. கரை நெருங்கியதும் கிழக்குக் கைத் தலைவன் ரங்கன் ஒரு சத்தம் கொடுத்தான். இரண்டு பக்கமும் வெறி பிடித்த மாதிரி இழுக்க ஆரம்பித்தார்கள். மடி நெடுக விறைத்தது. ஒவ்வொரு கண்ணும் நீள வாட்டில் இழுபட்டு ஒடுங்கி மூடிக்கொண்டது. என் விரலே மாட்டிக்கொண்டது. விரலே போகாத இடத்தில் குஞ்சு எப்படிப் போகும்?

கரையேறியதும் சாரிடம் சொன்னேன். சார் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அந்தத் தட்டு இன்னும் இருக்கிறது.

காரணம் தெரிந்துவிட்டதே தவிர வழி தெரியவில்லை. போட்டி போட்டு இழுக்க வேண்டாம், நிதானமாக இழுங்கள் என்று சொல்லிப் பார்த்தோம். ரங்கனுக்கு முகம் சுண்டிவிட்டது. "பொணத்தத் தூக்கற மாதிரி இழுக்கச் சொல்றீங்களேங்க" என்றான். சொன்னதற்காக இழுத்தார்கள். குஞ்சு குறைந்தது உண்மைதான். ஆனால் வலை தூங்கித் தூங்கி வந்ததால் பெரிய மீன்கள் வலையின் அடிக்கயிற்றுக்குக் கீழே நுழைந்தும் மேலே துள்ளியும் தப்பிவிட்டன. ராவுத்தருக்கு நஷ்டம், ஆட்களுக்கு அவமானம். திரும்பி வரும்போது சார் வண்டியில் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "அவங்க அப்படித்தான் இழுப்பாங்க. அவங்க இழுக்கிற இழுப்புக்குத் தாங்குற மாதிரி வலைதான் இருக்கணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். அப்பா கவலை ஓட்டிக்கொண்டிருந்தார். கவலை என்பது எங்கள் பக்கத்துக் கிணற்று இறைப்பு. பெரிய தோல் பறியைக் கிணற்றுக்குள் விட்டு, வடத்தை மாடுகள் சரிவில் இழுத்துக்கொண்டு இறங்கும்போது பறி தண்ணீரோடு மேலே வரும். எங்கள் பறி பழசாகித் தோல் நைந்திருந்தது. தண்ணீர் பாரத்தில் அது கிழிந்துவிடாமல் இருக்க, அப்பா அதன் அடியில் கயிறு கொடுத்து மேலே வளையத்தோடு கட்டியிருந்தார். தோலின் நீளத்தைவிடக் கயிறு கொஞ்சம் குட்டை. சிறு வயதிலிருந்து பார்த்த சங்கதிதான். அன்றைக்குத்தான் அது என் மண்டையில் ஏறியது. மாடு எவ்வளவு வேகமாக இழுத்தாலும் பாரம் குட்டைக் கயிற்றின் மேல்தான் நிற்கிறது. தோல் தொளதொளவென்று தொய்ந்தே இருக்கிறது.

"ஏங்கண்ணு, வெறிச்சுப் பாத்துக்கிட்டு நிக்கற?" என்றார் அப்பா. நான் சாப்பிடாமல்கூடக் கோயமுத்தூருக்குக் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் சாரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். மடியின் வாயிலிருந்து வால்வரைக்கும் நாலு பக்கமும் நாலு கயிறு கட்டலாம். கயிறு மடியைவிடக் குட்டையாக இருக்க வேண்டும். இழுக்கும்போது பாரம் கயிற்றின்மேல் நிற்கும், வலை மட்டும் தொய்ந்து கண் திறந்தே இருக்கும். கிணற்றையும் மாட்டையும் சொல்லி ஒருவன் மீன் வலைக்கு யோசனை சொல்கிறானே என்று வேறு யாராவது சிரித்திருப்பார்கள். சார் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை சொல்லும்" என்றார். சொன்னேன். "கட்டிக் காட்டும்" என்றார்.

வலை ராவுத்தருடையது. அவர் வீட்டுப் பெண்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து பின்னியது. அதன் மடியைப் பிரித்துக் கயிறு சேர்க்க வேண்டும் என்று அவரிடமே போய்க் கேட்டேன். அவர் வலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுக்கு முன்னால எங்கயாச்சும் கட்டியிருக்கீங்களா தம்பி?"

"இல்லீங்க. கெணத்துலதானுங்க பாத்திருக்கறேன்."

"செரி. வெட்டுங்க. குத்தகை போயிருச்சுன்னா வலைய வெச்சு நான் என்ன பண்றது, மாடு கட்டறதா?" என்று அரிவாள்மணையை அவரே எடுத்துக் கொடுத்தார். அந்த மனசு எத்தனை பேருக்கு வரும்?

முதல் முறை தோற்றேன். ஊரிலிருந்து கொண்டுவந்த புளிச்சைநார்க் கயிறு புதுசு. இரண்டு இழுப்பில் அது நீண்டு மடியின் நீளத்துக்கே வந்துவிட்டது. பாரமெல்லாம் மறுபடியும் வலைக்கு, கண்ணெல்லாம் மூடிக்கொண்டது. ரங்கன் வாய்விட்டே சிரித்தான். எங்கள் ஊரில் புது வடத்தை அப்படியே மாட்டில் பூட்டமாட்டார்கள், தண்ணீரில் ஊறப்போட்டு இரண்டு மரத்துக்கு நடுவே முறுக்கி இழுத்துக் கட்டிவைப்பார்கள். அவசரத்தில் அதை மறந்துபோனேன். ஆபீசுக்குப் பின்னால் இரண்டு வேப்பமரம் இருந்தது. கயிற்றை ஊறவைத்து அதில் இழுத்துக் கட்டினோம். சாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னோடு சேர்ந்து இழுத்தார். நீள வேண்டிய மட்டும் நீண்டு நின்ற பிறகு அளந்து, மடியைவிட நல்ல குட்டையாகக் கட்டினேன்.

துரை வந்தார். கரையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். "இன்னைக்கு எப்படி இழுக்கட்டுங்க?" என்று ரங்கன் சாரைக் கேட்டான். "உம்ம இஷ்டத்துக்கு இழும்" என்றார் சார். ரங்கன் நம்பாமல் இன்னொரு தரம் கேட்டுவிட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு ஓடினான்.

அன்றைக்கு இழுத்தது போல அவர்கள் அதற்கு முன்பும் இழுத்ததில்லை, பின்பும் இழுத்ததில்லை. அதிகாரிகள் பார்க்கிறார்கள் என்று மேற்குக் கைக்காரர்களும் விட்டுக்கொடுக்கவில்லை. மடி கரையை நெருங்கியபோது அதன் பின்பக்கத்துத் தண்ணீர் சலசலவென்று கொதித்தது. பார்த்தால் அத்தனையும் குஞ்சு. வெள்ளி வெள்ளியாக வலைக் கண்களில் நுழைந்து வெளியே பாய்ந்துகொண்டிருந்தது. ராவுத்தர் "யா அல்லா" என்று கையைத் தூக்கிவிட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. குவியலைத் துரை கைத்தடியால் கிளறிப் பார்த்தார். விராலும் வாளையும் வளர்ந்த கெண்டையும்தான் இருந்தன. அங்கொன்றும் இங்கொன்றுமாய்ச் சில குஞ்சுகள், அவ்வளவே. இதை யார் செய்தது என்று துரை கேட்டார். "கயிறு கட்டினவரு இவரு, பழனிச்சாமி" என்று சார் என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். அவர் நினைத்திருந்தால் 'எங்கள் ஆபீஸ் செய்தது' என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். குத்தகை பிழைத்தது என்று சொல்லிவிட்டுத் துரை காரில் ஏறிப் போனார்.

எல்லாரும் கொண்டாடிக்கொண்டிருக்கையில், கரையில் கூடையோடு நின்ற பெண்களை நான் அப்போதுதான் பார்த்தேன். கூடைகள் காலி. ரங்கனின் பெண்சாதி நஞ்சம்மா முன்னால் வந்தாள்.

"ஏனுங்க ராவுத்தரே, எங்க பங்கு எங்கீங்க?"

ஆபீசுக்கு வேண்டாத மீன் அவர்களுக்கு வேண்டிய மீன். எனக்கு அது தோன்றவே இல்லை.

ராவுத்தர் குனிந்து குவியலில் இருந்து ஒரு பெரிய வாளையை எடுத்து அவள் கூடையில் போட்டார். "கொண்டா அம்மணி. இனிமேல்ட்டு பொடி மீனுக்குப் பதிலா பெரிய மீனுலயே உங்களுக்குப் பங்கு."

"பெரிய மீனு ரெண்டு நாளைக்கு ஆகுமுங்க. பொடி மீனுன்னா கருவாடு போட்டு மாசம் பூராம் வெச்சுக்குவமுங்களே."

"கருவாட்டுக்கும் சேத்தே குடுக்கறேன், போதுமா?" என்று இன்னொரு மீனைப் போட்டார். ஒவ்வொரு கூடைக்கும் அப்படியே போட்டார். நஞ்சம்மாவுக்கு முகம் தெளியவில்லை. என் பக்கம் திரும்பி, "கயித்தக் கட்டுனது இவருதானாக்கும்?" என்றாள். நான் சாருக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தேன். சார் விடவில்லை.

"ஆமா தாயி, இவருதான். விட்ட குஞ்சு பெருசாகி வரலன்னா இவரு சட்டையப் பிடியும்."

அந்த ஒரு வருஷமும் மழை பெய்தால் குளத்தை நினைத்தேன், வெயிலடித்தால் குளத்தை நினைத்தேன். உக்கடம் பக்கம் போனால் நஞ்சம்மா கண்ணில் படாமல் வேறு தெருவாகச் சுற்றிப் போனேன். தண்ணீர் வற்றிக் குஞ்சு செத்துப்போனால் அவளுக்கு என்ன பதில் சொல்வது?

மறு வருஷம் குளம் பிடிக்கிற காலத்தில் நான் வேறு ஊருக்கு வேலையாகப் போயிருந்தேன். திரும்பி வந்த அன்று மத்தியானம், ஆபீஸ் வாசலில் நஞ்சம்மா மூடிய ஒரு குண்டாவோடு நின்றாள். நேராக உள்ளே வந்து என் மேஜைமேல் வைத்துத் திறந்தாள். மீன் குழம்பு. பெருங்கெண்டைத் துண்டுகள், ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம்.

"உங்க கயிறு விட்டுப்போட்ட மீனுதானுங்க. எங்க பங்குல வந்துச்சு. போன வருசம் வெரலு நீளமிருந்துச்சு, இப்பப் பாருங்க."

"நான் மீனு சாப்பிடறதில்லீங்களே" என்றேன்.

அவள் ஒரு கணம் புரியாமல் பார்த்துவிட்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "மீனாபீசுல இருந்துக்கிட்டு மீனு திங்கமாட்டீங்களா? அப்பறம் யாருக்குங்க அந்தப் பாடு பட்டீங்க?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். நான் டிபன் டப்பாவில் இருந்த சோற்றை எடுத்து அதில் குழம்பை ஊற்றிக்கொண்டேன். "முள்ளப் பாத்துத் தின்னுங்க" என்று பக்கத்திலேயே நின்றாள். அதுதான் நான் முதன்முதலாகச் சாப்பிட்ட மீன். காரம் தலைக்கேறியது. ஒரு துண்டும் மிச்சம் வைக்கவில்லை.

அவள் குண்டாவை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். வாசற்படிவரைக்கும் போனவள் திரும்பினாள்.

"இந்த வருசமும் கயித்தக் குட்டையாவே கட்டிப்போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.